பண்டாரியின் கிராம்பு

அக்பர் பாயின் சட்டைப் பையில் எப்போதும் கிராம்பு இருக்கும். கல்யாண வீடுகளில் பிரியாணி போடும் பண்டாரி அவர். அவர் பையில் கிராம்பு இருந்தால் ஏன் என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஒலிமுகமதுபேட்டையில் இருபத்தைந்து வருஷமாக அடுப்புக்கு முன்னால் நின்ற உடம்பு. வேர்வையே பட்டையும் ஏலக்காயும் கலந்த வாசத்தோடுதான் வரும்.

ஆனால் அந்தக் கிராம்பு பிரியாணிக்கு இல்லை. இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து குழியாகக் கிடந்தது. குழியில் ஒரு கிராம்பைச் செருகி நாக்கால் அழுத்திக்கொண்டால் ஒரு மணி நேரம் வலி அடங்கும். அப்புறம் அடுத்த கிராம்பு. எட்டு வருஷமாக இந்தப் பல்லோடு குடித்தனம். முதலில் நாளுக்கு ஒன்றிரண்டு போதுமாக இருந்தது. இந்த ஒரு வருஷத்தில்தான் அது கூடிக்கொண்டே போனது. ஐம்பது கிலோ கறியை ஒரே தேக்சாவில் வேகவைத்து இறக்குகிற மனுஷன், வீட்டில் பருப்பும் குழைந்த சோறும் பிசைந்து வலது பக்கமாகவே மென்று விழுங்கினார். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வார். வாய் நாறியது. அவர் மனைவி ஷஹர்பானு அதைச் சொல்லவில்லை. பேசும்போது அரை அடி தள்ளி நின்று பேசப் பழகிக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வீட்டு வலீமா, கல்யாண விருந்து. மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டினார்கள். மழை ஈரத்தில் சவுக்கு விறகு புகைந்தது. தேவசகாயம் குந்தி உட்கார்ந்து ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தார். ஏனாத்தூர்க்காரர். அப்பன் காலத்தில் அடுத்தவன் கழனியில் கூலி. இவர் வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கி முதுகு போனபிறகு அக்பர் பாயோடு சேர்ந்தவர். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. விறகு பிளப்பது, அடுப்பு பார்ப்பது, தேக்சா இறக்கக் கை கொடுப்பது எல்லாம் அவர்தான். எப்போது விறகை இழுக்க வேண்டும், எப்போது மூடிமேல் தணல் அள்ளிப் போட வேண்டும் என்று பாய் சொல்வதே இல்லை. ஒரு பார்வை போதும்.

உப்பு பார்ப்பது மட்டும் பண்டாரியின் வேலை. அந்தக் கரண்டியை அக்பர் பாய் யாரிடமும் கொடுத்ததில்லை. ரம்ஜான் மாதம் ஒன்றுதான் விலக்கு. அந்த மாதம் முப்பது நாளும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது அக்பர் பாய். நோன்பு வைத்த வாயால் உப்பு பார்க்க முடியாது. அதனால் கிறிஸ்தவரான தேவசகாயம் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "ஒரு கை போடு பாய்" என்றோ "போதும்" என்றோ சொல்வார். பிறை தெரிந்ததும் அந்தப் பொறுப்பும் முடிந்துவிடும்.

அன்றைக்குக் கறி வெந்து எண்ணெய் பிரிந்து வந்தபோது பாய் கரண்டியை நாக்கில் வைத்துப் பார்த்தார். சப்பென்று இருந்தது. வாயில் கிராம்பு ஊறிக்கொண்டிருந்தது. ஒரு கை உப்பு போட்டுக் கிளறினார். திரும்பப் பார்த்தார். அப்போதும் சப்பென்றுதான் இருந்தது. இன்னொரு கை போட்டார். தேவசகாயம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து விறகைத் தள்ளினார்.

பந்தியில் யாரும் சத்தம் போடவில்லை. முதலில் தயிர் வெங்காயம் தீர்ந்தது. கடையிலிருந்து தயிர் வாங்கி வந்தார்கள், அதுவும் தீர்ந்தது. தண்ணீர் பாட்டில் தீர்ந்தது. தட்டுகளில் சோறு பாதிக்கு மேல் கிடந்தது. கல்யாண வீட்டுக்காரர் கொட்டகைக்கு வந்து, "இன்னும் கொஞ்சம் தயிர் கெடைக்குமா பாய்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்பர் பாய் அன்றைக்குச் சோறு தின்றிருப்பார்.

*

அந்த வலீமாவில் சாப்பிட்டவர்களில் வாலாஜாபாத் ஷோயப் பாயும் ஒருவர். அரிசி வியாபாரி. அக்பர் பாயின் ஒரே மகள் ஷாஹிஸ்தாவைக் கட்டப்போகிற மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. நிக்காஹுக்கு நாலு வாரம் இருந்தது. விருந்து பெண் வீட்டுப் பொறுப்பு. மகள் பிறந்த அன்றிலிருந்து அக்பர் பாய் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான். அவள் கல்யாண பிரியாணியைத் தன் கையால் போட வேண்டும்.

ஷோயப் பாய் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது.

"பொண்ணப் பெத்தவரு அன்னிக்கு அடுப்பாண்ட புகையில நிக்கிறது நல்லா இருக்காது பாய். ஷெர்வானி போட்டுக்கினு மாப்பிள்ள பக்கத்துல உக்காருங்க. வேலூர்ல நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார், அவராண்ட சொல்லிடறேன்."

அக்பர் பாய்க்குப் புரியாமல் இல்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஷாஹிஸ்தா, வேறு ஆள் போட்ட பிரியாணியைத் தன் நிக்காஹ் அன்றைக்குத் தான் தொடப்போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னது கூடத்துக்கும் கேட்டது.

கை போய்விட்டது என்று அக்பர் பாய் முடிவு கட்டிவிட்டார். பண்டாரிக்குக் கை போவது உண்டு. ஊரில் அப்படி இரண்டு பேரை அவருக்குத் தெரியும். ஷஹர்பானு கண் பட்டது என்றாள். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். தர்காவில் தண்ணீர் ஓதி வாங்கி வந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாய் சின்னச் சட்டியில் ஒரு படி அரிசிக்குப் பிரியாணி போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு தரம் நாக்கில் வைத்துப் பார்த்துப் போட்டார். ஷஹர்பானு ஒரு வாய் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"சரியா இருக்குதா?"

"கடல்லருந்து அள்ளினு வந்த மாதிரி இருக்குதுங்க."

அவர் சட்டியை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எழுந்தபோது இடது கன்னம் தேங்காய் மூடியை உள்ளே வைத்த மாதிரி வீங்கியிருந்தது. கண் பாதிதான் திறந்தது. வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. காய்ச்சல் வேறு. பிரவீணா அக்காவிடம் போகலாம் என்று ஷாஹிஸ்தா சொன்னதும் கையைத் தூக்கி மறித்தார்.

பிரவீணா தேவசகாயத்தின் மகள். பள்ளி லீவு நாட்களில் அப்பனோடு கல்யாண மண்டபங்களுக்கு வந்து, கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்த பெண். படித்துப் பல் டாக்டராகி எட்டு வருஷத்துக்கு முன்னால் கீரை மண்டபத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் கிளினிக் வைத்தாள். திறப்புக்கு அக்பர் பாய்தான் பிரியாணி போட்டார். ஒரு பைசா வாங்கவில்லை. அடுத்த வாரமே அந்தப் பல்லைக் காட்டப் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளும் காசு வாங்கவில்லை. பல்லைத் திறந்து, சுத்தம் பண்ணி, மருந்து வைத்து, வெள்ளையாக ஒன்றை அடைத்து, இது தற்காலிகம்தான், இன்னும் இரண்டு தரம் வரணும், வியாழக்கிழமை வாங்க என்று சொன்னாள். வியாழக்கிழமை வலி இல்லை. தாமலில் ஒரு கல்யாணம் வேறு இருந்தது. வலி இல்லாத பல்லுக்கு டாக்டர் எதற்கு என்று விட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து, அடைத்தது பெயர்ந்து சோற்றோடு வயிற்றுக்குள் போனது. அப்போது போயிருக்கலாம். சின்னப் பெண் காசு வாங்காமல் செய்த வேலையைப் பாதியில் விட்டோமே, என்ன முகத்தோடு போவது என்று தள்ளிப்போட்டார். தள்ளிப்போடப் போட வெட்கம் பெருத்தது. கீரை மண்டபம் பக்கம் போவதையே விட்டுவிட்டார். ஒரு டீ குடிக்கக்கூட மூங்கில் மண்டபம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்.

அந்த நேரம் பார்த்துத் தேவசகாயம் டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். ஷாஹிஸ்தா கல்யாணத்துக்கு விறகு சொல்ல வேண்டும், மழைக்கு முன்னால் வெட்டிய காய்ந்த சவுக்கு தாமலில் ஒருவரிடம் இருக்கிறது என்று சொல்ல வந்தவர், பாயின் முகத்தைப் பார்த்ததும் விறகை விட்டுவிட்டார்.

"சட்டையப் போடு பாய். போலாம்."

அக்பர் பாய் சுவரைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல் பல்லுக்கு நடுவிலேயே பேசினார். "உம் பொண்ணு மூஞ்சில எப்டிபா முழிப்பேன். எட்டு வருஷமா ஏமாத்திக்கினு இருக்கேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா நீ ஒரு வார்த்த கேக்கலியே. தெனம் பக்கத்துலதானே உக்காந்திருந்தே."

"கேட்டிருந்தா நீ அடுப்பாண்ட எம் மூஞ்சியப் பாக்க மாட்டே. வேல எப்டி ஓடும்?" தேவசகாயம் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டார். "அதுவும் கேட்டுக்கினுதான் இருக்குது. பாய் மாமா வருவாராப்பான்னு. நானும் வருவார் வருவார்னு சொல்லிக்கினு இருக்கேன். என்னப் பொய் சொன்னவனா ஆக்காத."

*

கிளினிக்கில் இவர்களுக்கு முன்னால் லோகாம்பாள் உட்கார்ந்திருந்தாள். பஞ்சுப்பேட்டையில் தறி நெய்கிறவள். பட்டு இழையை இருபது வருஷமாக முன் பல்லால் கடித்து அறுத்து, பல்லில் கத்தரித்த மாதிரி ஒரு சின்ன வெட்டு விழுந்திருந்தது. அக்பர் பாயின் வீக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் வலிக்கறதுக்கு முன்னயே வந்துட்டேன் பாய். நீ ஊரே தெரிஞ்சிக்கட்டும்னு வந்திருக்க."

உள்ளேயிருந்து பிரவீணா, கத்தரிக்கோல் வாங்கினாயா இல்லையா என்று லோகாம்பாளைக் கேட்பது காதில் விழுந்தது. வாங்கினேன், தறிப்பக்கத்தில்தான் இருக்கிறது, வாய்தான் கேட்க மாட்டேங்குது என்று அவள் பதில் சொன்னாள்.

அக்பர் பாயின் முறை வந்தது. பிரவீணா ஒரு பழைய அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓரம் மஞ்சளாகியிருந்தது. அதில் அவர் வயது நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தது.

"வியாழக்கிழமை வாங்கன்னு சொன்னேன்," என்றாள். "எந்த வியாழக்கிழமைன்னு சொல்லாம விட்டுட்டேன் போல இருக்குது மாமா."

அவர் சிரிக்கப் பார்த்தார். வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது வலியால் வந்ததாகவே இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அதற்குமேல் அவள் பழசைப் பேசவில்லை. படம் எடுத்தாள். சர்க்கரை பார்த்தாள். ஊசி போட்டு ஈறை லேசாகக் கீறிச் சீழை வெளியேற்றினாள். அந்த நாற்றம் அறை முழுக்கப் பரவியது. தேவசகாயம் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். பிரவீணாவின் முகம் மட்டும் அசையவில்லை. பூண்டு நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் உரித்த அதே பெண்தான். அந்தக் கடைவாய்ப் பல் இனி தேறாது, எடுத்துவிட வேண்டும், வீக்கம் வடியட்டும் என்றாள். இன்னும் இரண்டு பல்லில் சொத்தை, அடைக்கலாம். ஈறு முழுக்கக் காரை, அதைச் சுத்தம் பண்ண வேண்டும்.

ஒரு டம்ளரில் வெந்நீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னாள். அவர் நல்ல வலது பக்கமாக வாங்கிக் கொப்பளித்துத் துப்பினார்.

"உப்பு கொஞ்சம் ஜாஸ்தி போட்டுட்டேன். கரிக்குதா மாமா?"

அவர் டம்ளரைப் பார்த்தார். "இதுல உப்பு போட்டிருக்கியா?"

பிரவீணா அப்பாவைப் பார்த்தாள். தேவசகாயம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் வந்து அக்பர் பாயின் முகத்துக்கு நேரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பையில இன்னா வச்சிருக்கீங்க?"

அவர் எடுத்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.

"ஒரு நாளைக்கு எத்தன?"

"இருவது இருக்கும். வலிச்சா இன்னும் கொஞ்சம்."

"அஞ்சு கிலோ பிரியாணிக்குப் போடறத ஒரே பல்லுக்குப் போட்டுக்கினு இருக்கீங்க. கிராம்பு பல்ல மட்டும் மரக்க வைக்காது மாமா. அது படற எடமெல்லாம் மரத்துப்போவும். நாக்கும் அங்கதானே இருக்குது? கூட சீழு வேற ஊறிக்கினு இருக்குது. உங்க கைக்கு ஒண்ணும் ஆவல."

அக்பர் பாய் உள்ளங்கையில் கிடந்த கிராம்பைப் பார்த்தார். கீழே ஜரிகைக் கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வலீமா, ஷோயப் பாய், செவ்வாய்க்கிழமைச் சட்டி எல்லாவற்றையும் அவர் மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"ருசி திரும்ப வருமாம்மா?"

"கிராம்ப நிறுத்தணும். மாத்திரைய முழுசா முடிக்கணும். வியாழக்கிழமை வரணும். மூணும் செஞ்சா வரும்னு நெனைக்கிறேன். ரெண்டு மட்டும் செஞ்சிட்டு என்ன வந்து கேக்காதீங்க."

நாளைக்கே வியாழக்கிழமை ஆயிற்றே என்றார். நாளைக்கு இல்லை, அதற்கடுத்த வியாழன் என்று சொல்லி, இந்தத் தரம் அட்டையில் தேதியையும் எழுதி அவர் கையில் கொடுத்தாள். அவர் எழுந்து, கையிலிருந்த கிராம்பை அவளுடைய இரும்புத் தட்டில் கொட்டிவிட்டு வந்தார்.

திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அக்பர் பாய் கேட்டார்: "அன்னிக்கு வலீமால நான் ரெண்டு கை உப்பு போட்டப்ப நீ பாத்தே இல்ல?"

"பாத்தேன்."

"தப்புன்னு தெரிஞ்சிதா?"

"ஒனக்கு எத்தன கிலோவுக்கு எத்தன கைன்னு எனக்குத் தெரியாதா. மொத கையிலயே தெரிஞ்சிது."

"அப்ப ஏன்பா சொல்லல?"

ரோட்டில் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளம் வந்தது. தேவசகாயம் வண்டியை மெதுவாக்கி, காலை ஊன்றி, பள்ளத்தைத் தாண்டினார்.

"ரம்ஜான் மாசம் இல்லியே பாய்."

அதில் கோபம் எதுவும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

*

மாத்திரை தீர்ந்து வீக்கம் வடிந்திருந்தது. குறித்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வேலூர் ஆளிடம் பேசிவிட்டதாகச் சொல்ல ஷோயப் பாய் வந்து உட்கார்ந்தார். எத்தனை பேருக்கு, என்ன அரிசி என்று அவர் சொல்லிக்கொண்டே போகையில் அக்பர் பாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து செருப்பைத் தேடினார்.

"மன்னிக்கணும். இன்னிக்கு வியாழக்கிழமை. நான் பல்லு டாக்டராண்ட போவணும்."

சம்பந்தி வீட்டுப் பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போகிற வழக்கம் அந்தப் பேட்டையில் கிடையாது. ஷோயப் பாய் முகம் சுருங்கிவிட்டது. தான் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தார். ஷஹர்பானு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவோரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பல், கிராம்பு, எட்டு வருஷம், உப்புத் தண்ணீர், ஒன்றையும் மறைக்கவில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, குற்றம் பல்லில் இருந்தது, கையில் இல்லை என்றாள்.

"சரிம்மா. ஆனா நாக்கு அதுக்குள்ள சரியாவுமா? டாக்டரே நெனைக்கிறேன்னுதானே சொல்லிருக்காங்க."

"ஆவலன்னா சகாயம் அண்ணன் இருக்காரு. ரம்ஜான் மாசம் முப்பது நாளும் இந்தப் பேட்டையே அவரு நாக்குலதான் நோன்பு தொறக்குது. கல்யாணத்துக்கு மட்டும் அந்த நாக்கு ஆவாதா?"

ஷோயப் பாய் டீயைக் குடித்து முடிக்கிறவரை யோசித்தார். வியாபாரி. நல்ல பேச்சைக் கண்டால் அவருக்குத் தெரியும். வேலூர் ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "தயிர் மட்டும் ரெண்டு அண்டா கூடவே வச்சிக்கோங்க" என்றார்.

அன்றைக்குப் பல்லைப் பிடுங்கினாள் பிரவீணா. வலி தெரியவில்லை. சத்தம்தான் மண்டைக்குள் விறகு பிளக்கிற மாதிரி இருந்தது. தட்டில் விழுந்ததை அவர் பார்த்தார். கருத்து, வேரில் சீழோடு, புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. இதற்கா பயந்து ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை காரை எடுத்தாள். கல் கல்லாக வந்தது. இரண்டு சொத்தையையும் அடைத்தாள். கரித்தூளால் விரல் வைத்துத் தேய்ப்பதை விட்டு மெத்தென்ற பிரஷ் வாங்கச் சொன்னாள். அவர் தேய்த்துக் காட்டியபோது பார்த்துவிட்டு, தேக்சா தேய்க்கிற மாதிரி தேய்க்கக் கூடாது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள்.

பேச்சு வாக்கில் காசு எவ்வளவு என்று கேட்டார். கல்யாணத்துக்குத் தானும் அம்மாவும் வருவோம், எலும்போடு நல்ல துண்டாகப் பார்த்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவர் கையெடுத்துக் கும்பிடப் போனார். அதற்குள் அவள் கையுறையை மாற்றத் திரும்பிவிட்டாள். படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அவளுக்காக துவா செய்துகொண்டே இறங்கினார்.

ஒரு நாள் காலை டீயை வாயில் வைத்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா, இவ்ளோ சக்கரையக் கொட்டி வச்சிருக்க?"

"ஒரு வருஷமா நீங்கதான் பத்தல பத்தலன்னு ஏத்திக்கினே வந்தீங்க," என்றாள் ஷஹர்பானு. சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். பிறகு வந்து அவருக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அரை அடி இடைவெளி இல்லை.

*

நிக்காஹ் அன்றைக்கு மழை விட்டிருந்தது. தாமல் சவுக்கு சுத்தமாக எரிந்தது. அக்பர் பாய் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றார். ஷெர்வானி கொட்டகைக் கம்பத்தில் தொங்கியது. கறி வெந்து எண்ணெய் மேலே மிதந்து வந்தது. ஷோயப் பாய், சும்மா வந்தவர் மாதிரி, கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

பாய் கரண்டியில் எடுத்து ஊதி, நாக்கில் வைத்தார். மிளகாய் தெரிந்தது. இஞ்சி தெரிந்தது. தக்காளியின் புளிப்பு தனியாகத் தெரிந்தது. உப்பு சரியாக இருந்தது. அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. தேவைப்பட்டால் சகாயம் பார்த்துக்கொள்வார் என்று வைத்திருந்த ஏற்பாடு இப்போது தேவையில்லை.

திரும்பி, கரண்டியைத் தேவசகாயத்திடம் நீட்டினார்.

"உப்பு பாரு சகாயம்."

தேவசகாயம் ஊதாங்குழலைக் கீழே வைத்தார். ஷோயப் பாயைப் பார்த்தார். அக்பர் பாயைப் பார்த்தார். "நீ பாத்துட்டியே பாய்."

"பாத்தேன். நீயும் பாரு."

அவர் எழுந்து குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினார். தோளில் கிடந்த துண்டில் துடைத்தார். பள்ளிவாசல் கஞ்சிக்குச் செய்கிற மாதிரியே உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, தகரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஒரு அரைக்கை புடிக்கும்."

அக்பர் பாயின் நாக்கு போதும் என்று சொன்னது. இப்போது அது நல்ல நாக்கு. மகள் கல்யாணம். வாசலில் சம்பந்தி. ஐந்நூறு பேர். அவர் உப்புப் பானையில் கையை விட்டு, அரைக்கை அள்ளி, தேக்சாவில் வட்டமாகத் தூவிக் கிளறினார். பிறகு அரிசியைச் சேர்த்து, மூடி, தேவசகாயத்தைப் பார்த்தார். தேவசகாயம் தணலை அள்ளி மூடிமேல் போட்டார்.

பந்தியில் உப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பண்டாரிக்கு அதற்குமேல் பெரிய பாராட்டு கிடையாது. ஷாஹிஸ்தா மணப்பெண் என்றுகூடப் பார்க்காமல் இரண்டாவது தரம் கேட்டு வாங்கினாளாம். ஷஹர்பானு கொட்டகைக்கு வந்து, இரண்டு அண்டா தயிர் வெங்காயம் தொடாமல் கிடக்கிறது, இதை என்ன செய்வது என்று சலித்துக்கொண்டாள். பின்னாலேயே வந்த ஷோயப் பாய் எட்டிப் பார்த்து, "இவ்ளோ தயிர யார் போடச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

அக்பர் பாய் சிரித்தார். வாயை மூடக் கை வரவில்லை. நிக்காஹுக்காக ஷெர்வானிக்கு மாறியிருந்த மனுஷன், இடது பக்கத்தில் ஒரு பல் இல்லாத வாயை முழுசாகத் திறந்து, தயிர் மீந்ததற்காகக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஏனம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரவீணா சாப்பிட்ட கையோடு அந்தப் பக்கம் வந்து, புண் ஆறிவிட்டதா என்று அந்தத் திறந்த வாயைத்தான் முதலில் பார்த்தாள்.

எல்லோரும் போனபிறகு பாயும் தேவசகாயமும் கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து தேக்சாவின் அடியைச் சுரண்டிப் போட்டுக்கொண்டார்கள். பாய் ஒரு கறித்துண்டை எடுத்து வலது பக்கம் வைத்தார். பிறகு யோசித்து, மெதுவாக இடது பக்கம் தள்ளி மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"இன்னா பாய்," என்றார் தேவசகாயம். "வலிக்குதா?"

அக்பர் பாய் விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அந்த அரைக்கை வேண்டித்தான் இருந்திருக்குது, சகாயம்."

தேவசகாயம் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அடுப்பில் இன்னும் எரிந்துகொண்டிருந்த கடைசி விறகை வெளியே இழுத்துப் போட்டார்.